பதினொரு நிமிடம்

முதலில் மின்சாரசபையைத்தான் திட்டினேன்.
பிறகு பார்த்தால்
பக்கத்துப் பிளாட்டில் தொலைக்காட்சி பேசிக்கொண்டிருக்கிறது,
என் தலைக்குமேல் விசிறி தன்பாட்டுக்குச் சுற்றுகிறது.
இறந்தது பெட்டி மட்டும்தான்,
"அளவெட்டியைப் பிறப்பிடமாகவும்
வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட"
என்பது வரைக்கும் வந்து,
பெயரை அடிக்க முன்.

மரண அறிவித்தல் வடிவமைப்பது என் தொழில்.
படத்துக்குச் சட்டம், மூலையில் குத்துவிளக்கு,
கனடா லண்டன் சுவிஸ் என்று
பிள்ளைகளின் நாடுகள் வயது வரிசையில்.
நாலு மணிக்குள் அனுப்பாவிட்டால்
நாளைய பேப்பரில் ஆள் இறக்கவில்லை.

மின்கட்டணப் பட்டியலின் பின்பக்கம் எழுதினேன்:
9.12 போட்டது. 9.23 நின்றது.
9.25 போட்டது. 9.29.
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து
10.40. 10.51.
ஆறவிட்டால் பதினொன்று, ஆறவிடாவிட்டால் நாலு.
பேய்க்கு இப்படிக் கணக்குத் தெரியாது.
சூட்டுக்குத் தெரியும்.

குகநேசன் வந்து கதிரையில் இருந்தார்,
தாயாரின் படத்தை உறையிலிருந்து எடுக்காமல்.
"வைரஸோ தங்கச்சி?"
எல்லாருக்கும் அது வைரஸ்தான்.

ஒன்றும் ஓடத் தொடங்க முன் வருகிற
அந்த நீலத் திரைக்குள் போய்
ஒரேயொரு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
52. 61. 74.
அவரும் எழும்பி வந்து பின்னால் நின்றார்.
"ஆஸ்பத்திரியிலயும் இப்பிடித்தான் ஒரு நம்பரைப் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்," என்றார்.
"அங்க அது இறங்கினது."
89.
98.
கறுப்பு.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
கடற்காற்றில் திருகாணிகள் துருவேறி
ஒன்று தலையோடு முறிந்தது.
உள்ளே தூசி, கம்பளித் துண்டு மாதிரி
உரித்தெடுக்கலாம்.
பெயின்ற் பிரஷால் தட்டி, ஊதி, தும்மி,
போட்டுப் பார்த்தால் பன்னிரண்டு நிமிடம்.
ஒரு முழுக் காலைக்கு
ஒரு நிமிடம் சம்பாதித்தேன்.

விசிறி சுற்றுகிறது. உலோகம் பளபளக்கிறது.
பார்வைக்கு எல்லாம் சரி.
சும்மா விரலால் அமத்தினேன்,
ஆடுகிற பல்லைப் போல அசைந்தது.
நாலு காலில் ஒரு கால் உடைந்து,
ஒரு மூலையில்
கட்டணப் பட்டியல் நுழைகிற இடைவெளி.

தையில் கொட்டாஞ்சேனை வீட்டைக் காலி செய்தபோது
இதை மட்டும் லொறியில் ஏற்றவில்லை.
ஓட்டோவில் மடியில் வைத்திருந்தேன்.
கொள்ளுப்பிட்டியில் ஒரு பள்ளம்.
எனக்கு முழங்காலில் கண்டியது.
இதற்கு நடந்ததை
இது ஐந்து மாதம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது,
எரிந்துபோகாமல்
தன்னைத்தானே நிறுத்தி நிறுத்தி.

பம்பலப்பிட்டியில் ரிஸ்மி
பிஸ்கட் ரின் ஒன்றைக் கவிழ்த்தான்:
செத்த கூலர்களின் கால்கள், கறுப்பும் வெள்ளையும்.
"புதுசு எடுத்தா ரெண்டாயிரத்து எண்ணூறு.
இது சும்மா கொண்டு போங்க."
பசையைத் தனியாகச் சுற்றித் தந்து,
"ஒரு பயறளவு போதும். கூடப் பூசினா
அதுவே போர்வையாப் போகும்."

காய்ந்து சுண்ணாம்பான பழைய பசையைச் சுரண்டி,
ஸ்பிரிற்றால் துடைத்து, ஒரு பயறு வைத்து,
நாலு மூலையும் ‘டக்’ என்று சொல்லும்வரை அமத்தினேன்.
மூன்று இருபது.

பத்தாவது நிமிடத்தில் இருவரும் பேச்சை நிறுத்தினோம்.
பதினொன்று.
கீழே ஒரு ரயில் மொரட்டுவைப் பக்கம் போனது.
பன்னிரண்டு. பதின்மூன்று.
46-இல் நின்றது எண், ஏறவில்லை.

குகநேசன் உறையைத் திறந்தார்.
காதோரம் தோடு மினுங்க
இரத்தினேஸ்வரி, ஏதோ கல்யாண வீட்டில்,
படமெடுப்பவரைக் கண்டித்தபடி.
"இந்த முகம்தான் வேணும்," என்றார்.
வரிசையில் சுவிஸை லண்டனுக்கு முன் மாற்றச் சொன்னார்.
மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.

கிழமை மூன்றாகிவிட்டது.
இப்போதும் பதினோராவது நிமிடத்தில்
கை தானாகச் சேமிக்கிறது,
கண் ஒருமுறை
மேலே விசிறியைப் பார்க்கிறது.